இரவல் கத்தி

என் கால்சட்டையில் எப்போதும் இரண்டு கத்திகள் இருக்கும். வலது பையில் இருப்பது என்னுடையது. இடது பையில் இருப்பது கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கு.

மடக்குக் கத்தி சேர்க்கிற ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். நாள் முழுக்கக் கத்தியோடு திரிபவனிடம் நாள் முழுக்க யாராவது கத்தி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வாங்கியவர்கள் அதைக் கத்தியாகப் பயன்படுத்துவது அபூர்வம். பெயின்ட் டப்பா மூடியை நெம்புவார்கள், திருகாணியை முடுக்குவார்கள், தரையில் காய்ந்து கிடக்கும் சிமென்டைச் சுரண்டுவார்கள். திருப்பித் தரும்போது, "மொட்டையா இருக்கே, சாணை பிடிக்கக் கூடாதா?" என்று அறிவுரையும் இலவசமாகத் தருவார்கள். எனக்கு வயிறு எரியும். அதற்காகத்தான் இரவல் கத்தி. என் இரவல் கத்திக்கு நுனி முறிந்து எட்டு வருடம் ஆகிறது. பிளாஸ்டிக் கைப்பிடி, தொளதொளவென்று ஆடும் அலகு. யார் கேட்டாலும் போனால் போகிறது என்று கொடுக்கலாம்.

என் மச்சினனுக்கு இந்த இரண்டு பை விஷயம் தெரியாமல்தான் இருந்தது. என் மனைவியின் தம்பி. எட்டு வருடமாக என்னோடு வேலை செய்கிறான். திங்கட்கிழமை மறுபடியும் என்னோடு கயிறு பிடிக்க வரப்போகிறான். அதற்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும் என்பதுதான் கடந்த ஐந்து வாரமாக என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுடையது வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். நான், மச்சினன், வேன் ஓட்டுநர் என மூன்று பேர். ஓட்டுநரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். ஆளே இல்லாத தெருவிலும் அடிப்பான். கட்டுவதும் அவிழ்ப்பதும் அறுப்பதும்தான் எங்கள் வேலை என்பதால் கத்தி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. ஆனாலும் மச்சினன் கத்தி வைத்துக்கொள்ள மாட்டான். அட்டைப்பெட்டிக்கு முன்னால் குனிந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டி, "மாமா, கத்தி" என்பான். நான் இடது பையிலிருந்து எடுத்து, திறந்து, கையில் வைப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நடக்கும்.

வீட்டில் நாற்பத்து மூன்று கத்திகள் இருக்கின்றன. நான்கு தட்டு இழுப்பறைப் பெட்டி ஒன்றில் எண்ணெய்த் துணி விரித்து வரிசையாக அடுக்கியிருக்கிறேன். எலும்புக் கைப்பிடி, மாட்டுக்கொம்பு, கருங்காலி, ஒரே அலகு, இரண்டு அலகு, ஆப்பிள் நறுக்கி நறுக்கியே அலகு நீலம் பாய்ந்த ஒன்று. பல் துலக்கியதும் பெட்டியைத் திறந்து, அன்றைக்கு யார் முறை என்று பார்த்து எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாணைக்கல். கூர் பார்க்க இடது முன்னங்கை முடியை மழித்து மழித்து அந்தக் கை மட்டும் குழந்தை கை மாதிரி இருக்கிறது. "நாப்பத்தி மூணு கத்தி இருக்கு இந்த வீட்ல, ஒரு வெங்காயம் நறுக்க ஆள் இல்ல" என்பாள் என் மனைவி. வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கே அது பிடித்துப்போய்விட்டது.

எங்களைப் போன்ற கிறுக்கர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். தினமும் காலையில், இன்று பையில் எது என்று படம் போட வேண்டும். அந்தக் குழுவில் நான் கொஞ்சம் வாய்ச்சவடால் பேர்வழி. வாங்கியதைப் பெட்டியில் பூட்டி வைத்துத் தினமும் முகம் பார்க்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. கத்தி என்றால் அறுக்க வேண்டும், கீறல் விழ வேண்டும், கறை ஏற வேண்டும் என்று பத்தி பத்தியாக எழுதுவேன். நிறையப் பேர் கை தட்டும் படம் போடுவார்கள்.

இப்படி எழுதிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மான்கொம்புக் கத்தி வந்து சேர்ந்தது. தன் வீட்டுக் கொட்டகையில் தனி ஆளாக உட்கார்ந்து மாதத்துக்கு நான்கு கத்தி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பட்டியலில் பேர் கொடுத்துப் பதினொரு மாதம் காத்திருந்தேன். ஒரே அலகு. மடக்கும்போது கிளிக் என்று ஒரு சத்தம். அதைக் கேட்பதற்காகவே சும்மா சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கூர் அவர் கையால் வைத்த கூர். ஒரு தடவை என் கல்லில் தேய்த்துவிட்டால் அப்புறம் அது அவருடைய கூர் இல்லை, என்னுடையது. அதனால் இரண்டு வாரமாக வலது பையில் வைத்துக்கொண்டு திரிந்தேனே தவிர, தபால் உறையைத் தவிர வேறு எதையும் அதனால் அறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான்தான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு மூன்றாம் மாடி வீடு. மூன்று கதவு வைத்த பழைய மர அலமாரி. படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவே திரும்பாது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த மாதிரி சமயத்தில் பால்கனி வழியாகக் கயிற்றில் இறக்குவோம். பலமுறை செய்த வேலைதான். விரல் தடிமன் நைலான் கயிற்றைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஓடும் இரும்புக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, மச்சினன் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். கையுறை போட மாட்டான். போட்டால் கயிறு என்ன சொல்கிறதென்று தெரியாது என்பான். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, விடு, நிறுத்து என்று சொல்ல வேண்டும். கீழே ஹாரன் ஆட்களை விலக்கிக்கொண்டு நின்றான்.

இரண்டாம் மாடி உயரத்தில் அலமாரியின் ஒரு மூலை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. "நிறுத்து" என்றேன். அவன் நிறுத்துவதற்குள் கயிறு தளர்ந்தது, அலமாரி விளிம்பிலிருந்து வழுக்கியது, முழுப் பாரமும் ஒரே உதறலில் கயிற்றில் விழுந்தது. தளர்ந்து கிடந்த வளையம் அவன் வலது கட்டைவிரலைக் குழாயோடு சேர்த்து இறுக்கியது. கயிறு தன் மேலேயே ஏறிச் சிக்கிக்கொண்டது. இனி விடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அறுக்க மட்டும்தான் முடியும்.

"மாமா, கத்தி!"

இடது உள்ளங்கையை நீட்டினான். என் கை இடது பைக்குப் போனது. யோசிக்கவில்லை. எட்டு வருடமாக அந்தக் குரலுக்கு அந்தப் பைதான். திறந்து அவன் கையில் வைத்தேன். அவன் அறுக்க ஆரம்பித்தான். நான் குழாயின் மேல் சாய்ந்து இரண்டு கையாலும் கயிற்றை மேலே இழுத்தேன். கட்டடத்தையே தூக்குகிற மாதிரி இருந்தது. ஒரு இம்மி நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், மொட்டை அலகு நைலான் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பஞ்சு பஞ்சாகக் கொஞ்சம் நூல் கிளம்பியதைத் தவிர ஒன்றும் இல்லை.

"அறுக்கல மாமா, அறுக்கல!"

இது வரைக்கும் நடந்ததை யாரிடமும் சொல்லலாம். பழக்கத்தில் வந்த தவறு, யாருக்கும் வரும்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். என் கை வலது பைக்குள் போனது. மான்கொம்பின் சொரசொரப்பு விரலில் பட்டது. எடுக்கவிருந்த நேரத்தில், கயிற்றுக்கு அடியில் இரும்புக் குழாய் இருக்கிறதே என்று நினைத்தேன். கயிறு அறுந்ததும் அலகு நேராக இரும்பில் போய் மோதும். பதினொரு மாதம். அவர் கையால் வைத்த கூர். இவ்வளவும் வரிசையாக, நிதானமாக மனதில் ஓடியது. என் கை வெறுமனே வெளியே வந்தது. மச்சினனிடமிருந்து இரவல் கத்தியைப் பிடுங்கி, "நான் அறுக்கறேன், நீ பொறு" என்று அந்த மொட்டையை வைத்து நானே ராவினேன். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினான். வார்த்தையே இல்லை, வெறும் சத்தம். அந்தச் சத்தம் மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. இரவல் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். இரண்டே இழுப்பு. அலமாரி கீழே விழுந்த சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. அலகு இரும்பில் மோதியதை நான் கையில் உணர்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், அரை நிமிடம் இருக்கும்.

மருத்துவமனையில் கட்டைவிரலை மேல் மூட்டோடு எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்ததும் நான் அவரைத் தனியாக மடக்கி, "ஒரு அரை நிமிஷம் முன்னாடி அறுத்திருந்தா விரல் தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தப்பிச்சிருக்கலாம், தப்பிக்காமலும் இருந்திருக்கலாம். அத இப்ப யாராலயும் சொல்ல முடியாது. நீங்க போய் உக்காருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும், தப்பித்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்ததிலிருந்து மச்சினன் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னான். "மாமா பையில கத்தி இருந்துச்சோ, நான் பொழச்சேனோ. இல்லன்னா மணிக்கட்டோட போயிருக்கும்." பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஹாரன் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டான். "கீழேருந்து பார்த்தேன். அண்ணன் ஒரே இழு! சரக்குன்னு போச்சு." கீழேயிருந்து அவனுக்கு என் தலைகூடத் தெரிந்திருக்காது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்கும், "பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்றார்கள்.

என் மனைவி கிண்டலை நிறுத்திவிட்டாள். வெங்காயப் பேச்சே வீட்டில் இல்லை. ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பினால், கத்திப் பெட்டியின் நான்கு தட்டையும் வெளியே இழுத்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியை அவள் தொட்டதே இல்லை.

"எதுக்கு இதெல்லாம் செய்யற?" என்றேன்.

"என் தம்பி கையக் காப்பாத்தின சாமான்ங்க. தூசி படிய விடலாமா?"

தினமும் காலையில் நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் டீ டம்ளருக்குப் பக்கத்தில் மான்கொம்புக் கத்தி எடுத்து வைக்கப்பட்டிருக்கும். அலகின் நடுவில் அரிசி முனை அளவுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. கல்லில் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். நான் தேய்க்கவில்லை. குழுவில் படம் போடுவதையும் விட்டுவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

அவளிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பல தடவை திறந்தேன். முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு மூடினேன். அதில் பாதி உண்மை, பாதி பயம்.

ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சினன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, பிரித்த அட்டைப்பெட்டிகளை மறுபடி மடித்து ஒட்டிக்கொண்டிருந்தான். கையில் இருந்த கட்டைப் பிரித்தாகிவிட்டது. குட்டையாகிவிட்ட விரலின் முனை சிவப்பாக, பளபளவென்று இருந்தது.

"பயிற்சி மாமா" என்று சிரித்தான். "ஒரு பெட்டிக்கு முதல்ல பத்து நிமிஷம் ஆச்சு. இப்ப நாலு. திங்கக்கிழமை வந்துடறேன். டாக்டரும் சரின்னுட்டாரு."

"கயிறு வேலைக்கு வேற ஆள் பார்க்கறேன்டா. நீ வண்டியோட இரு."

"அதெல்லாம் வேணாம். கயிறு நான்தான் பிடிப்பேன். மத்தவன் பிடிச்சா எனக்குத் தூக்கம் வராது." டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தான். "பயமா இருக்கான்னு வீட்ல கேட்டா. மாமா பக்கத்துல நிக்கிற வரைக்கும் எனக்கென்ன பயம்னு சொன்னேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று இரண்டு பையிலிருந்தும் இரண்டு கத்தியையும் எடுத்து அவனுக்கு முன்னால் அட்டையின் மேல் வைத்தேன்.

"என்ன மாமா இது?"

"நான் எப்பவும் ரெண்டு வெச்சிருப்பேன்."

"வீட்ல ஒரு கடையே இருக்கு. ரெண்டுன்னா என்ன அர்த்தம்?"

"பையில. இது எனக்கு. இது கேக்கறவங்களுக்குக் குடுக்க."

அவன் இரண்டையும் பார்த்தான். இன்னும் சிரிப்பு முழுசாகப் போகவில்லை. "அன்னிக்குமா?"

"அன்னிக்கும்."

"எதால அறுத்தீங்க?"

"கடைசில இந்தக் கொம்புக் கத்தியால. ரெண்டு இழுப்புலயே அறுந்துது. அதுக்கு முன்னாடி உன்கிட்ட குடுத்தது, அப்புறம் நான் வாங்கி ராவினது, எல்லாம் அந்த மொட்டைதான்."

அவன் டேப் சுருளைக் கீழே வைத்தான். பிறகு, நான் எதிர்பார்க்காத தயவோடு, "பதட்டத்துல மறந்துட்டீங்க" என்றான். "அந்த நேரத்துல யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவனே கதவைத் திறந்து வைத்துவிட்டான். ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிடும். திங்கட்கிழமை அவன் கயிறு பிடிப்பான், நான் பக்கத்தில் நிற்பேன், என் மனைவி டீயோடு கத்தியை எடுத்து வைப்பாள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"மறக்கலடா" என்றேன். "பைக்குள்ள கை விட்டேன். கத்தி கையில பட்டுது. கீழ இரும்புக் குழாய் இருக்கு, கூர் போயிடுமேன்னு நெனச்சேன். நெனச்சு, கைய வெளிய எடுத்துட்டேன்."

சொல்லி முடித்ததும் மனது லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. அசிங்கமாக இருந்தது.

அவன் மான்கொம்புக் கத்தியை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த மாதிரிக் கத்தியில் பொத்தான் எதுவும் கிடையாது. அலகின் மேல்புறம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்துத்தான் திறக்க வேண்டும். அவன் வலது கட்டைவிரல் தானாகவே அந்தப் பள்ளத்துக்குப் போனது. நகம் இல்லை. சிவந்த முனை அலகின் மேல் வழுக்கியது. இடது கைக்கு மாற்றினான். வலது கையில் பிடிமானம் இல்லை, புது ஸ்பிரிங், நல்ல விறைப்பு. அலகு பாதி வழி வந்து மறுபடி உள்ளே போனது. கிளிக் என்றது. இன்னொரு தடவை முயன்றான். அதே கிளிக். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"குடு, நான் திறந்து தர்றேன்."

"இருங்க."

மூன்றாவது தடவையும் வரவில்லை. மெதுவாகக் கீழே வைத்தான். தூக்கி எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு இரவல் கத்தியை எடுத்தான். அது எட்டு வருடமாக ஊரார் கையில் பட்டுத் தளர்ந்தது. இரண்டு விரலால் அலகைக் கிள்ளி இழுத்ததுமே திறந்துகொண்டது. மூடினான். திறந்தான்.

"எட்டு வருஷமா எனக்கு இதத்தான் குடுத்தீங்களா?"

"கேக்கறவங்க எல்லாருக்கும் அதான்டா."

"எல்லாரும் சரி மாமா. நானும் எல்லாருமா?"

  அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாதியில் கிடந்த பெட்டியின் டேப்பை அந்த மொட்டைக் கத்தியால் இழுத்து இழுத்து அறுத்தான். நேரம் ஆனது. அறுந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"நீங்களே சொல்லிடுங்க. என் வாயால வேணாம்."

"சரி."

"திங்கக்கிழமை எத்தன மணிக்கு?"

வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "எட்டு" என்றேன்.

"வந்துடறேன். வேலை வேணுமில்ல." கத்தியை மூடி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இது என்கிட்டயே இருக்கட்டும் மாமா. இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டேன்."